தட்டின் கடைசி ஓர் அங்குலம்: எம்சி கார்ட்ரிட்ஜ் மாற்றிய அனுபவம்

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா சேர்த்து வைத்த எல்பிகளில் ஒன்றைப் போட்டுவிட்டு அம்மாவும் நானும் காபியோடு உட்கார்ந்திருந்தோம். தோடி ஆலாபனை முடிந்து பாட்டை எடுக்கும் நேரம், வலப்பக்க ஸ்பீக்கரில் இருந்த வயலின் சட்டென்று காணாமல் போனது. ஒரு நொடி திரும்ப வந்தது, லேசாகக் கரகரத்தது, அப்புறம் ஒரேயடியாகப் போய்விட்டது. "வயலின்காரர் எழுந்து போயிட்டாராடா?" என்று கேட்டார் அம்மா.

எங்கள் வீடு பெசன்ட் நகரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. டர்ன்டேபிள் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. எண்பதுகளில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, இன்றைக்கும் வேகம் இம்மி பிசகாமல் சுற்றுகிறது. ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் குட்டிப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். எட்டு வருடமாக இதில் இருந்தது ஒரு ஜப்பான் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ். வேறொருவர் வைத்திருந்து கொடுத்தது, இப்போது தயாரிப்பில் இல்லாத மாடல். அதன் குரல் எனக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் முதலில் கோளாறு வேறெங்காவது இருக்கட்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொண்டது.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கார்ட்ரிட்ஜை மாட்டும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லின் பின்னால் நாலு மெல்லிய கம்பிகள் வரும். வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது சேனல். கார்ட்ரிட்ஜ் பக்கத்து முனையில் இந்த இரண்டு ஜோடியையும் இடம் மாற்றி மாட்டினேன். இப்போது இடது ஸ்பீக்கர் ஊமையானது. கம்பியிலோ, ஹெட்ஷெல்லைத் தாங்கும் கையான டோன்ஆர்மிலோ, ஆம்ப்ளிஃபையரிலோ குறை இருந்திருந்தால் வலது பக்கமே ஊமையாக இருந்திருக்கும். ஊமைத்தனம் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து இடம் மாறியது என்றால் குறை அதற்குள்ளேதான்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு சந்துக்குள் மாடியில் பழைய ஆடியோ சாமான்களைப் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். மொபைல் போர்டில் சால்டர் வைக்கிற மைக்ராஸ்கோப்பின் கீழ் கார்ட்ரிட்ஜை வைத்து, விளக்கைச் சாய்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசியைத் தாங்கும் ஊசித்தண்டு உள்ளே போகும் இடத்தில், காயிலின் (கம்பிச் சுருள்) செம்புக் கம்பி வளைந்து வெளியே வரும் முனையில், பச்சையாக ஒரு பொடி பூத்திருந்தது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் வரும் அதே பச்சை.

"உப்புக் காத்து தம்பி. உங்க பக்கம் ஏசி காயிலே நாலஞ்சு வருஷத்துல ஓட்டை விழுந்துடுது. இது தலைமுடியை விட மெல்லிசு. எட்டு வருஷம் தாங்குனதே பெருசு."

அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்தார். வலது காயிலில் தொடர்பே இல்லை. இடது காயிலையும் தொடப்போகிறாரோ என்று பார்த்தேன், தொடவில்லை. "நல்லா இருக்கிற எம்சி காயிலை மீட்டரால தொடாதீங்க. மீட்டர் விடுற கரண்டே அதுக்கு அதிகம்" என்றார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சேனல் போய்விட்டால் எல்லோரும் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தான். கம்பி ஜோடியை மாற்றிப் பார்ப்பதே போதும், பாதுகாப்பும் அதுதான்.

எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜாக இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அதில் ஊசித்தண்டின் முனையில் ஒரு சின்னக் காந்தம் ஆடும், காயில் அசையாமல் இருக்கும். ஊசியைப் பிடுங்கிவிட்டுப் புதுசைச் செருகலாம். எம்சியில் இது தலைகீழ். காந்தம் அசையாது, ஊசித்தண்டோடு சேர்ந்து காயில்தான் ஆடும். ஆடுகிற காயில் கனமாக இருக்கக் கூடாது என்பதால் மிக மெல்லிய கம்பியில் சில சுற்றுகள் மட்டும்தான் சுற்றுவார்கள். எம்எம் மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட் தருகிற இடத்தில் எம்சி அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் கீழேயோதான் தரும். அந்த லேசான காயில்தான் எம்சியின் துல்லியத்துக்குக் காரணம். எங்கள் ஊர்க் காற்றில் அது முதலில் போவதற்கும் அதுதான் காரணம். ஊசி மட்டும் தேய்ந்திருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பிப் புது ஊசி ஒட்டி வாங்கலாம். காயில் அறுந்தால் மறுபடி சுற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவில் புதுசே வாங்கிவிடலாம். அதனால் முழுசாக வேறொன்று.

எதை வாங்குவது என்று யோசிக்கும்போது எனக்கு முன்னால் நின்ற கேள்வி விலையோ பெயரோ இல்லை. அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குறை. "தனி வரும்போது கரகரங்குதுடா." உண்மைதான். தட்டின் ஆரம்பத்தில் தம்புரா முதற்கொண்டு தெளிவாக இருக்கும். பக்கம் முடியும் தறுவாயில், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் சொற்கள் மணல் கலந்ததுபோல் கேட்கும். அது தட்டின் தேய்மானம் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். இந்தத் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சுற்றும் வேகம் ஒன்றுதான், ஆனால் ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் ஒன்றில்லை. வெளி ஓரத்தில், மையத்திலிருந்து 146 மில்லிமீட்டரில், பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும். உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில், 60 மில்லிமீட்டரில், 21 சென்டிமீட்டர்தான். பாதிக்கும் கீழே. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளத்துக்கு விரிந்து கிடக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நசுங்கிக் கிடக்கும். வட்ட முனை ஊசியின் ஆரம் 16 மைக்ரானுக்கு மேல். அந்த முனையால் 21 மைக்ரான் அலையின் குழிக்குள் இறங்க முடியாது, மேலே மேலே தட்டிக்கொண்டு போகும். அம்மா சொன்ன மணல் அதுதான்.

மேற்கத்திய இசைத் தட்டுகளில் இது அவ்வளவு உறுத்தாமல் போகலாம். நம் கச்சேரித் தட்டின் அமைப்பு வேறு. ஒரு பக்கம் முழுக்க ஒரே கிருதி: ஆலாபனை, பாட்டு, நிரவல், ஸ்வரம், கடைசியில் தனி. 25 நிமிடப் பக்கம் என்றால் கடைசி ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 7 நிமிடம் இருக்கிறது. கச்சேரியின் உச்சம் முழுக்க, ஊசி மிகவும் திணறும் இடத்தில் அச்சாகியிருக்கிறது. சினிமாத் தட்டுகளிலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. எக்கோ லேபிளில் வந்த இளையராஜா எல்பிகள் என்னிடம் சில உண்டு. அவற்றில் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் துப்பும். ஆகவே நான் தேட வேண்டியது அந்தக் கடைசி ஓர் அங்குலத்தைப் படிக்கத் தெரிந்த ஊசி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

ஆனால் ஊசியை மட்டும் பார்த்து எம்சி வாங்க முடியாது. முன்னால் டோன்ஆர்ம் ஒத்துக்கொள்ள வேண்டும், பின்னால், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ ஒத்துக்கொள்ள வேண்டும்.

டோன்ஆர்முக்கும் ஊசித்தண்டின் ரப்பருக்கும் சேர்ந்து ஒரு சொந்த அதிர்வு உண்டு. ஸ்பிரிங்கில் கட்டிய கல் மாதிரி. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் கோணல் மாணலுக்கெல்லாம் கை ஆடும். மேலே போனால் மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் கனம் கெடும். கணக்கு சுலபம். கையின் எடைமதிப்பு, கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, காம்ப்ளையன்ஸால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். காம்ப்ளையன்ஸ் என்பது ஊசித்தண்டு எவ்வளவு இளக்கமாக வளைகிறது என்பதற்கான எண். இதில் ஒரு கண்ணி உண்டு. ஜப்பான் கம்பெனிகள் இந்த எண்ணை வழக்கமாக 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள், நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸில். அதனால் அவர்கள் எண்ணை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை பெருக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பழைய கார்ட்ரிட்ஜை என் கைக்குப் பொருந்தாதது என்று ஒரு காலத்தில் கழற்றி வைத்திருந்தேன்.

பின்னால் இருப்பது ஓர் எம்எம் ஃபோனோ ஸ்டேஜ், அதற்கு முன்னால் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைப் பத்து மடங்காக்கும். ஆனால் ஃபோனோவின் 47,000 ஓம் சுமையை அந்தப் பத்தின் வர்க்கத்தால், அதாவது நூறால் வகுத்து, 470 ஓமாகக் கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும். எனவே எனக்கு வேண்டியது 470 ஓம் சுமையில் சுகமாக இருக்கிற, பத்து மடங்கானால் 3 முதல் 5 மில்லிவோல்ட் வருகிற கார்ட்ரிட்ஜ். இந்த இரண்டு கணக்கும் போட்டு முடித்தபோது பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது.

முதலில் நின்றது டெனான் டிஎல்-103. ஜப்பான் வானொலி நிறுவனமான என்எச்கேவின் ஒலிபரப்புக்காக 1962-ல் உருவாக்கி, இன்றுவரை தயாரித்துவரும் கார்ட்ரிட்ஜ். 8.5 கிராம், 0.3 மில்லிவோல்ட், 40 ஓம் காயில், 2.5 கிராம் அழுத்தம். காம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பார்கள், இரட்டித்தால் என் கையில் 10.8 ஹெர்ட்ஸ் வருகிறது. அச்சு வார்த்த மாதிரி. மயிலாப்பூரில் ஒரு நண்பரிடம் இது இருக்கிறது. மிருதங்கம் கற்றவர். ஹெட்ஷெல்லோடு கழற்றிக் கொடுத்துவிட்டார். என் கையில் மாட்டி எடையை மட்டும் சரிசெய்தால் போதும், பத்து நிமிட வேலை.

அந்த ஒரு வாரத்தை நன்றியோடு நினைக்கிறேன். பாடுகிறவரின் தொண்டை இருக்கும் இடம் தெரியும்படியான குரல். தொப்பியில் கை அழுந்தி இழுக்கும் கும்கி அப்படியே நெஞ்சுக்கு வருகிறது. கீறல் சத்தத்தைக்கூட அது பெரிதுபடுத்துவதில்லை. பாட்டு மட்டும் கேட்கிறவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் வட்ட முனை. தனிக்கு வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆர்ட்டஃபான் குவின்டெட் புளூவையும் பார்த்தேன். 0.5 மில்லிவோல்ட், 9 கிராம், நீள்வட்ட ஊசி. நீள்வட்டத்தின் பக்கவாட்டு ஆரம் ஏழெட்டு மைக்ரான்தான் என்பதால் உள்வட்டத்தில் வட்ட முனையை விட நிச்சயம் மேல். எடை, மில்லிவோல்ட் எல்லாம் பொருந்தின. ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-ஓசி9எக்ஸ்எம்எல் இன்னும் ஒரு படி மேல். போரான் தண்டு, மைக்ரோலீனியர் என்ற இன்னும் மெலிந்த முனை. கடைசிவரை போட்டியில் நின்றது இதுதான். நான் வாங்கச் சொன்ன வாரத்தில் அது கடையில் இல்லை, இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

வாங்கியது ஹனா எஸ்எல். ஜப்பானில் எக்செல் சவுண்ட் தயாரிப்பது. 0.5 மில்லிவோல்ட், 30 ஓம் காயில், 400 ஓமுக்கு மேல் சுமை வேண்டும் என்கிறார்கள். என் டிரான்ஸ்ஃபார்மர் காட்டுவது 470. பத்து மடங்கானால் 5 மில்லிவோல்ட். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஊசி ஷிபாட்டா முனை. ஜேவிசி நிறுவனத்தின் நோரியோ ஷிபாட்டா எழுபதுகளில் சிடி-4 என்ற நாலு சேனல் தட்டுகளுக்காக வடிவமைத்தது. அந்தத் தட்டுகளில் 30,000 ஹெர்ட்ஸில் ஒரு சுமப்பு அலை இருக்கும், சாதாரண முனையால் அதைத் தொட முடியாது. அதற்காகப் பக்கவாட்டில் மெலிந்து, பள்ளத்தின் சுவரில் நீளவாக்கில் படியும்படி வைரத்தைத் தீட்டினார்கள். நாலு சேனல் தட்டுகள் போய்விட்டன, முனை நிலைத்துவிட்டது. அத்தனை நுணுக்கத்தைப் படிக்க வந்த ஊசிக்கு 21 மைக்ரான் அலை பெரிய விஷயமில்லை. நீளவாக்கில் படிவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வட்ட ஊசிகள் தேய்த்த இடத்துக்கு மேலேயும் கீழேயும், இதுவரை எந்த ஊசியும் தொடாத சுவரையும் இது தொடும்.

ஒரே இடறல், எடை. ஹனா 5 கிராம்தான். டெக்னிக்ஸ் கை, ஹெட்ஷெல்லோடு சேர்த்து 13.5 முதல் 17.5 கிராம் வரை எதிர்பார்க்கும். கூடவே வந்த 7.5 கிராம் ஹெட்ஷெல்லில் மாட்டினால் திருகோடு சேர்த்தும் 13.5-தான், விளிம்பில் நிற்கும். கைவசம் 10 கிராம் அலுமினிய ஹெட்ஷெல் ஒன்று இருந்தது. அதோடு 16 கிராம், நடுவில் வந்துவிட்டது. அதிர்வுக் கணக்கு 8.5 ஹெர்ட்ஸ். சரி, போதும்.

அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அடெல்ஃபி கட்டடத்தில் ஆடியோ கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து வாங்கி வந்தான். பெட்டியைப் பையின் நடுவில், துணிகளுக்கு இடையில் வைத்துக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருந்தேன். லக்கேஜில் போட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன்.

புது ஊசியை இறக்குமுன் ஒரு வேலை. கடலோர ஈரத்தில் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். பள்ளத்துக்குள் இருக்கும் அந்தப் பூஞ்சை முழுவதும் ஊசி முனையில்தான் வந்து ஒட்டும். அதனால் நாற்பது தட்டுகளை முதலில் கழுவினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை படியும். பெட்ரோல் பங்க்கில் விற்கிற பேட்டரி தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்த்து, மறுபடி வெறும் பேட்டரி தண்ணீரில் அலசி, பாத்திர ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்தேன். லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள அம்மா பிளாஸ்டிக் டப்பா மூடிகள் இரண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார், சரியாக லேபிள் அளவு.

மாட்டும் வேலையைச் சாப்பாட்டு மேஜையில் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்துச் செய்தேன். கீழே விழும் திருகும் நட்டும் வெள்ளையில் உடனே தெரியும், மேஜையில் உருளவும் செய்யாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எம்சியின் காந்தம் எவ்வளவு வலுவானது என்பது எனக்கு ஏட்டளவில்தான் தெரிந்திருந்தது. இரும்பு ட்வீசரைக் கார்ட்ரிட்ஜுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோனபோது அதன் முனை என் கையை மீறிச் சாய்ந்தது. ஊசிக்கவசம் போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்த நொடியில் அடிவயிறு சில்லிட்டது உண்மை. எழுந்துபோய் ட்வீசரையும் இரும்பு ஸ்க்ரூடிரைவரையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்தேன். பித்தளைத் திருகு, பித்தளை நட்டு, பித்தளை முனை தட்டிய சின்ன ஸ்க்ரூடிரைவர். அவற்றைப் பாய் முன்பே கொடுத்திருந்தார், நான்தான் அவசரத்தில் கைக்குப் பழகியதை எடுத்தேன்.

கம்பிகளின் முனையில் இருக்கும் குட்டிக் குழல்கள் கார்ட்ரிட்ஜின் பின்பக்க இணைப்பு முனைகளில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஆனால் அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் காயில் கம்பி அறுந்துபோகலாம். இதற்குப் பல்குத்தும் குச்சி போல ஒரு கருவி இல்லை. குச்சியின் கூர்முனையைக் குழலுக்குள் விட்டு லேசாக ஒரு சுற்று சுற்றினால் மயிரளவு விரிந்து கொடுக்கும். அதற்கப்புறம் விரலாலேயே மாட்டலாம். வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. நாலாவது குழல் 'டிக்' என்று உட்கார்ந்த பிறகுதான் மூச்சை விட்டேன்.

பொருத்துவதில்தான் இந்த வேலையின் பாதி ருசி. டோன்ஆர்ம் ஒரு முனையில் நின்று வளைந்து வரும் கை என்பதால், ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்பது தட்டில் இரண்டே இடங்களில்தான். அந்த இரண்டு இடமும் எங்கே விழ வேண்டும் என்பதைக் கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தி நாம்தான் முடிவு செய்கிறோம். பலரும் பயன்படுத்துவது பேர்வால்ட் முறை, 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும். முதலில் அதைத்தான் வைத்தேன். அளவுத்தாளை அச்செடுத்ததும் அதில் உள்ள கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள், பிரின்டர் சுருக்கியிருந்தால் எல்லாம் வீண். கேட்டபோது தட்டின் நடுப்பகுதி பிரமாதம். கடைசியில் தனி முடியும் இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூசியது. 66-க்கு உள்ளே போகப் போகக் கோணப் பிழை ஏறும் அல்லவா?

அப்போதுதான் டெக்னிக்ஸ் சொல்லும் பழைய அளவு நினைவுக்கு வந்தது. ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் பின்பக்க ரப்பர் வளையம் வரை 52 மில்லிமீட்டர். நிறையப் பேர் இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதில் உள்பக்கத்து நேர்ப்புள்ளி 60 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் விழுகிறது, கிட்டத்தட்ட ஸ்டீவன்சன் முறையின் 60.3 மாதிரியே. அதாவது லேபிளுக்கு ஒட்டிய கடைசிச் சுற்றுகளில் ஊசி நேராக நிற்கும். நடுவில் கொஞ்சம் பிழை கூடும், அங்கே பள்ளம் வேகமாக ஓடுவதால் அவ்வளவாகக் காதில் படாது. நம் கச்சேரித் தட்டுகளுக்கு இதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. 52-க்கு மாற்றினேன். கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல்லில் சாயாமல் நேராக உட்கார்ந்தது.

ஊசி செங்குத்தாக நிற்கிறதா என்பதற்கு, தட்டு இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வைத்து ஊசியை அதன்மேல் இறக்கி, நிழலும் உருவமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். என்னுடையது மயிரிழை சாய்ந்திருந்தது, ஹெட்ஷெல்லில் ஒரு பக்கம் காகிதத் துண்டு வைத்துச் சரிசெய்தேன். அழுத்தம் 2 கிராம், டிஜிட்டல் தராசில்.

கை உயரத்துக்கு ஷிபாட்டா கொஞ்சம் கறார். டெக்னிக்ஸில் வளையத்தைத் திருகி 6 மில்லிமீட்டர் வரை ஏற்றி இறக்கலாம். இந்தக் கையில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் கோணம் கால் டிகிரிதான் மாறும். அதனால் பதற வேண்டியதில்லை, ஆனால் அரை மில்லிமீட்டராக மாற்றி மாற்றிக் கேட்பது வீண் வேலையும் இல்லை. மட்டமாக வைத்து ஆரம்பித்து, வயலினின் வில் திரும்பும் சத்தம் கீச்சிடாமல் தெளிவாக வந்த இடத்தில் நிறுத்தினேன். மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே.

முதல் தடவை போட்டபோது தட்டு சுற்றுவதற்கு முன்பே ஒரு ஹம். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அதன் மின் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸை இது அப்படியே வாங்கிப் பத்து மடங்காக்கிக் கொடுத்தது. பழைய கார்ட்ரிட்ஜோடு இருந்தபோது அலமாரியின் வேறு தட்டில் இருந்தது, சுத்தம் செய்யும்போது இடம் மாறிவிட்டது. ஒன்றரை அடி தள்ளி வைத்து, கால் சுற்று திருப்பியதும் ஹம் அடங்கியது. இடத்தை விடத் திருப்புவதில்தான் விஷயம் இருக்கிறது. ஹம் மறையும் கோணம் ஒன்று வரும், கை வைத்துக்கொண்டே தேட வேண்டும்.

அப்புறம் தோடி.

முதல் இருபது நிமிடம் எனக்குப் பொறுமையே இல்லை. ஆலாபனை அருமையாக இருந்தது, வயலின் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது, ஆனால் என் காது கடைசி ஓர் அங்குலத்துக்காகக் காத்திருந்தது. தனி ஆரம்பித்தது. வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, விளிம்போடு வந்தது. 'நம்' என்றால் அடியும், அதற்குப் பின்னால் நீளும் சுருதியும் தனித்தனியாகக் கேட்டன. அதற்கு நடுவில் வேறொரு சத்தம், நரம்பு அதிர்வதுபோல். அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"மோர்சிங்! அட்டையில பேர் போட்டிருக்கு, எங்கடா இருக்குன்னு இத்தனை வருஷம் தேடிட்டு இருந்தேன்."

வாயில் வைத்து மீட்டும் அந்த மோர்சிங் தட்டில் எப்போதும் இருந்தது. அப்பா இருந்தபோதும் அது அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்தது. அதன் ஒலியை அடையாளம் காட்டுவது மேல் அலைவரிசைதான், மணல் சத்தத்துக்குள் அது புதைந்திருந்தது. தேய்மானம் என்று நான் எழுதி வைத்த தட்டுகளில் பாதிக்கு மேல் தேயவே இல்லை.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டு ஒன்று, அப்பாவின் பழைய பிளேயரில் கனத்த ஊசியால் எத்தனையோ நூறு தடவை ஓடியது. மேல் ஸ்தாயியில் அவர் அழுத்தி ஊதும் இடங்களில் சுவர் உண்மையாகவே கிழிந்திருக்கிறது. இந்த ஊசி அதை முன்பைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. அந்தத் தட்டுக்கு நண்பரின் டிஎல்-103 தான் நல்லது, அதற்காக அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்கிறேன். இளையராஜா எல்பிகளில் 'ஸ' துப்புவது போய்விட்டது. தட்டின் இரைச்சல் இருக்கிறது, ஆனால் பின்னால் தள்ளி நிற்கிறது.

முதல் பத்து மணி நேரம் ரப்பர் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, இருபதைத் தாண்டியதும் இளகியது. வெயில் காலத்தில் எங்கள் கூடம் 33 டிகிரிக்குக் குறையாது. வெப்பத்தில் ரப்பர் இன்னும் இளகும், டிசம்பரில் கொஞ்சம் இறுகும். அதனால் மாதம் ஒரு தடவை தராசை வைத்து 2 கிராம் இருக்கிறதா என்றும், கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால், அந்த ஒரே திசையில், காய்ந்த பிரஷ்ஷால் ஒரு இழுப்பு.

காயிலைக் கொன்ற காற்றுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். மத்தியானம் கடற்காற்று எழும் நேரத்துக்குக் கூடத்தின் கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். கேட்காத நேரத்தில் ஹெட்ஷெல்லைக் கழற்றி, மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், நீல சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுப்பதில்லை.

எத்தனை மணி ஓடியது என்று தெரிந்தால்தான் ஊசியின் வயது தெரியும். டர்ன்டேபிளுக்குப் பக்கத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் அட்டையைத் திருப்பி மாட்டி, ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு பக்கம் ஓடினால் ஒரு கோடு. நேற்றோடு 74 கோடுகள். நான் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா போட்டுக் கேட்டவையும் அதில் உண்டு. அவர் தோடி போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். பதினொரு புள்ளிகள் இருக்கின்றன.